அப்பா கேட்காத கீழ்வீடு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்காக மலையேறி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், எங்கள் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கும் இன்றும் குடியிருப்பவர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது சரி என்றுவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் கோபம் வருகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா எங்கள் மலையின் திருப்புலி நாட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பிறர் சாமைக் காட்டிலும் மரவள்ளிக் காட்டிலும் பாடுபட்டு வளர்ந்தார். ஆலத்தூர் நாட்டிலிருந்து அம்மாவைக் கைப்பிடித்தார். இருவரும் மிளகுக் கொடி வளர்த்துச் சேர்த்த காசில், எங்கள் மேட்டு நிலம் பஸ் ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு வீடு கட்டினார்கள். நாங்கள் குடிபோகத்தான் கட்டியது. அந்த நேரம் பார்த்துச் சமவெளியான கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்சம்மா கைக்குழந்தையோடு வீடு கிடைக்காமல் நின்றார். “நாம மேல் ஊட்டுலயே இருந்துக்கலாம் சாமி” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா சாவியை அவரிடம் கொடுத்தார். அன்று வாடகைக்குப் போன கீழ்வீடு எங்களுக்குத் திரும்பவே இல்லை. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகள் எழுந்தன. நாங்கள் மட்டும் கல்படி ஏறிப் போகும் பழைய ஓட்டு வீட்டிலேயே இருந்தோம். நான் கல்யாணமாகி முள்ளுக்குறிச்சிக்குப் போனதும் அந்தப் படிகளில் இறங்கித்தான்.

இப்போது நம் சொந்தத்திலேயே பலர் வாடகைக்கு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். போன மாதம் கூட சித்தப்பா மகன் வந்து, “பெரியப்பா எப்படிக்கா சமாளிச்சாரு?” என்று கேட்டான். அவனுக்காகவும் மற்றவர்களுக்காகவும் அப்பாவின் பேச்சைக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். முதலில் கக்கூஸை ஒழுங்காகக் கட்டச் சொல்வார். “சமையக்கட்டு சின்னதா இருந்தா பொறுத்துக்குவாங்க, இது சரியில்லீன்னா அடுத்த மாசமே மூட்டை கட்டிருவாங்க.” குடித்தனத்துக்கு ஒரு மீட்டர் தனியாக வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பில் வரும்போதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாம் நிற்க வேண்டியிருக்கும் என்பார். ஐப்பசி மழைக்கு முன்பே மொட்டை மாடியில் தண்ணீர் கொட்டி எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிடுவார். பழகிய மனிதர் என்று ஒப்பந்தம் எழுதாமல் விட்டதில்லை. வருகிறவர் என்ன மதம், என்ன ஆள் என்று விசாரித்ததில்லை. எத்தனை குடம் தண்ணீர் ஆகும் என்று மட்டும் கேட்பார்.

சாவி விஷயத்தில்தான் ரொம்பக் கறார். இருக்கிற சாவி எல்லாவற்றையும் குடிவருபவர் கையில் கொடுத்துவிடுவார். “ஒரு சாவிய நாம வெச்சுக்கிட்டா அது அவங்க ஊடு ஆகாது கண்ணு.” பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுப்பதானாலும் வாசலில் நின்று “ஏனுங்க” என்று குரல் கொடுப்பாரே தவிர, தான் கட்டிய வீட்டுக்குள் தானாகக் காலெடுத்து வைத்ததில்லை.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒன்று மட்டும் வாயில் வராது. வீட்டைக் காலி செய்யுங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் உழவுக்குக் கொடுத்த காட்டைத் திரும்பக் கேட்க ஒரு முறை உண்டு. நிலத்துக்காரர் ஒரு பச்சைத் தழைக் கொத்தைக் காட்டோரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவார். இந்த வெள்ளாமையோடு விட்டுக்கொடு என்று அதற்கு அர்த்தம். பேச்சும் கிடையாது, மனத்தாங்கலும் கிடையாது. உலை வைத்த வீட்டிலிருந்து ஒருவரை எழுப்புவதற்கும் அதுதான் மரியாதை என்று அப்பா நினைத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. படியில் ஏறி இறங்கக் கூடாது, வண்டி வந்து நிற்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வந்து நிற்கிற இடம் என்றால் கீழ்வீடுதான். பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் ரோட்டிலிருந்து பள்ளத்தில் இறங்க வேண்டும். கீழ்வீட்டில் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த டீச்சர் ஒருவர் சிறு மகளோடு குடியிருந்தார். நல்ல பெண். “நான் போய்ப் பேசறேன்” என்று கிளம்பினேன். அப்பா விடவில்லை. “படிக்கிற புள்ளைய வருச நடுவுல எழுப்பறதா? நான் முறையாச் சொல்லிக்கறேன். நீ பேசினா நான் கீழ இறங்கவே மாட்டேன்” என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, கோலை ஊன்றி, படிக்குப் படி உட்கார்ந்து இறங்கிப் போய், கீழ்வீட்டு வாசல் நிலையில் தழைக் கொத்து கட்டிவிட்டு வந்தார். பரீட்சை முடிந்ததும் காலி செய்துவிடுவார்கள் என்று நம்பினார். நாங்களும் நம்பினோம். பங்குனி போனது. சித்திரையில் டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் உள்ளேயே இருந்தன.

நான் விடுவேனா? அப்பா பக்கத்தில் இருக்கும்போதே நலம் விசாரிக்கிற சாக்கில் டீச்சருக்குப் போன் போட்டு, அப்பாவுக்கும் கேட்கும்படி வைத்தேன். டீச்சர் அன்பாகப் பேசினார். “அய்யாவுக்கு எப்படி இருக்குதுங்க அக்கா? அவருக்குத்தான் என்ன மனசு. எங்க ஊட்ல பொங்கலுக்கு வேப்பிலையும் பூளைப்பூவும் வெச்சுக் காப்புக் கட்டுவோமுங்க. இங்க ஆரு கட்டுவாங்கன்னு நெனச்சேன், அய்யாவே வந்து கட்டிட்டுப் போயிட்டாரு. வரும்போதுகூட அதக் கும்பிட்டுட்டுத்தான் பூட்டினேனுங்க.”

நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லட்டுமா என்று சாடை கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். போனை வைத்ததும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரம் ஆனது. “அவங்க மேல தப்பில்ல கண்ணு. அவங்க ஊரு வழக்கத்த நாந்தான் விசாரிக்கல. பள்ளிக்கூடம் தொறக்க வரட்டும், நானே வாயத் தொறந்து சொல்லிடறேன்” என்றார்.

அதற்காக அவர் பழகியதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி அம்மாவை டீச்சராக எதிரே உட்கார வைத்துக்கொள்வார். “டீச்சரம்மா, ஊடு…” என்று தொடங்குவார். அங்கேயே நிற்கும். மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டு, “டீச்சரம்மா, ஊடு… சௌரியமா இருக்குதுங்களா? தண்ணி வருதுங்களா?” என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். “எனக்கு வேணுமுங்க, அவ்வளவுதான். இதச் சொல்றதுக்கு என்ன?” என்று நான் சத்தம் போடுவேன். “அந்த எடத்துலதான் சாமி நாக்கு ஒட்டிக்குது” என்பார். கீழே பூட்டிய வீடு காலியாகக் கிடந்தது. மேலே அதைக் கட்டியவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். எங்கள் யார் கையிலும் சாவி இல்லை. பூட்டை உடைக்கலாமா என்று தம்பி ஒருமுறை கேட்டதற்கு, அப்பா அவனோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பே கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்து ரோட்டில் நின்றது. அக்கம்பக்கத்து ஆண்கள் அப்பாவை நாற்காலியில் வைத்துக் கட்டி, வழுக்கும் கல்படியில் ஒவ்வொரு அடியாக இறக்கினார்கள். அவசரப்படுத்த முடியாது, அவசரப்பட்டால் எல்லோரும் விழுவோம். நான் குடையைப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். வேறென்ன செய்ய? கீழ்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் அப்பாவின் தலை சாய்ந்தது. வண்டியில் இருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார்கள்.

அந்த மழையில் திரும்ப மேலே தூக்கிப் போக வழியில்லை. பூட்டிய வீட்டு வாசலில் அப்பாவை வைத்துக்கொண்டு நின்றோம். சேதி கேட்டு மதியத்துக்குள் டீச்சர், ஊரில் வேலை பார்க்கும் கணவரோடு மலையேறி வந்தார். வந்ததும் கதவைத் திறந்து, கட்டிலை ஒதுக்கி, தன் புதுப் பாயை விரித்து, அப்பாவை உள்ளே கொண்டுவரச் சொன்னார். அம்மா வாசலிலேயே நின்று நிலையில் காய்ந்து தொங்கிய தழையைப் பார்த்து, அது எதற்காகக் கட்டியது என்பதைச் சொல்லி அழுதார். டீச்சர் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டார். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேனுங்களே அக்கா” என்றார். 

அப்பாவைக் கீழே இறக்கிய கைகளுக்கும், மழையில் காத்திருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், கடைசி வரை மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களோடு இருந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டீச்சருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் மறுமாதமே வீட்டைக் காலி செய்ய வந்தபோது, அம்மா சாவியை வாங்க மறுத்துவிட்டார். இனி அந்த வீட்டில் எங்களுக்கு என்ன வேலை? டீச்சர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். இன்று நீங்கள் சாப்பிடப் போவதும் அவர் அடுப்பில் சமைத்ததுதான்.

வாடகைக்கு வீடு கட்டப் போகிறவர்களுக்கு அப்பா சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். மகளாக நான் சொல்ல ஒன்று இருக்கிறது. கடைக்கால் தோண்டும் முன்பே வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து இதைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை சொல்லுங்கள்: “ஊடு எனக்கு வேணுமுங்க.”