குகுவாவின் ஒரு வருஷத்து முடி

அனோமாபுக் கரையில் ரொட்டிக்காரி குகுவாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளுடைய மண் அடுப்பிலிருந்து சர்க்கரை ரொட்டி இறங்குகிற வாசனை வந்தால், கேப் கோஸ்ட் நகரத்துக்குப் போகிற வேன் டிரைவர்கள் கிளப்பிய வண்டியை அணைத்துவிட்டு நிற்பார்கள். பயணிகள் திட்டுவார்கள், பிறகு அவர்களும் இறங்கி ஆளுக்கொன்று வாங்குவார்கள். ஊரே அறிந்த இந்தக் குகுவாவுக்கு, நாற்பத்து நான்கு வயது வரைக்கும் ஒரே ஒரு சங்கதி மட்டும் தெரியாமல் இருந்தது. தன் தலையில் முளைக்கிற முடி எப்படி இருக்கும் என்பதுதான் அது.

சிரிக்க வேண்டாம். அந்தக் கரையில் பாதிப் பெண்களின் கதை அதுதான். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை தலையை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் வர வேண்டும், கைப்பிடிக்கு முடி வளர்ந்தால் வாசலிலேயே கத்தரிக்கோல் காத்திருக்கும். படிப்பு முடிந்த மறு வாரமே எல்லாரும் சுருள் முடியை நேராக்குகிற கிரீமுக்கு ஓடுவார்கள். உச்சந்தலை பற்றி எரியும். எரிகிறது என்று சொன்னால், எரிந்தால்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்பாள் பூசி விடுகிறவள். அதற்குப் பிறகு வேர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், மறுபடி கிரீம். அதன்மேல் ஒட்டுப் பின்னல், அதுவும் சலித்தால் விக். இப்படியே குகுவாவுக்குக் காலம் ஓடிவிட்டது.

அவள் புருஷன் ஈபோ, மீன்பிடிப் படகுகளின் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன். கை முழுக்க கிரீஸும் வாய் முழுக்கக் கிண்டலுமாக வீட்டுக்கு வருவான். "இந்தக் கரையில நான் திறந்து பாக்காத இஞ்சின் இல்ல. உன் தலையை மட்டும்தான்டி இன்னும் திறந்து பாக்கல" என்பான்.

"திறந்து பாத்தா நீ கடல்ல குதிச்சிடுவே" என்பாள் குகுவா.

அவன் அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான். ஒரு மத்தியானம் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி இஞ்சின் பெட்டிமேல் சாய்ந்தவன், ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டவில்லை.

அந்தக் குடும்பத்தில் புருஷனை இழந்தவளுக்குத் தலை மழிப்பது வழக்கம். மழிக்க வந்தவள் ஈபோவின் அக்கா அபா மன்சா. ஊரில் அவளுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. துணி வியாபாரம், தேவாலயத்துப் பெண்கள் சங்கத்துத் தலைமை, தோள்வரை புரளும் விக், எல்லாமே கொஞ்சம் பெரிசாக இருக்கும். தம்பி கட்டியவள் அக்காவுக்கும் பொண்டாட்டிதான் என்பது அங்கே நாத்தனார்களின் உரிமை. அபா மன்சா அதில் ஒரு துளியும் விட்டுக்கொடுத்ததில்லை. "ஏ பொண்டாட்டி!" என்றுதான் தெருக்கோடியிலிருந்தே கூப்பிடுவாள். குகுவாவும் சளைக்காமல் "வந்துட்டேன் புருஷரே!" என்பாள்.

அன்றைக்கு அந்தக் கிண்டல் எதுவும் இல்லை. பின்கட்டில் குட்டை முக்காலியில் குகுவாவை உட்கார வைத்து, கிரீமில் வெந்த முடி முழுவதையும் அபா மன்சா பிளேடால் எடுத்தாள். பட்ட இடமெல்லாம் எரிந்தது. முடியும் தறுவாயில் மொட்டைத் தலையில் வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்தது, பின்னாலேயே இன்னொன்று. நாத்தனார் அழுகிறாள் என்று குகுவாவுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அபா மன்சாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையை முடித்தாள்.

கறுப்பு உடுத்தி மாவு பிசைந்ததில் மாதங்கள் கழிந்தன. ஒருநாள் அடுப்புமுன் வியர்வையைத் துடைக்கத் தலைத்துண்டை அவிழ்த்தபோது குகுவாவின் விரல்கள் முடிக்குள் புதைந்து நின்றன. அடர்த்தியாக, சின்னச் சின்னச் சுருளாக, இழுத்தால் நீண்டு, விட்டால் குதித்து உள்ளே ஓடியது. இது யார் தலை என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஈபோ போன அன்றைக்குத் தொடங்கிய முடி இது, அவன் இல்லாமல் விடிந்த நாளெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று தோன்றியது. இதை மட்டும் கிரீம் வைத்து எரிக்க மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அபா மன்சா ஒத்துக்கொள்ளவில்லை. வருஷ நினைவு ஞாயிறு வந்துகொண்டிருந்தது. அன்றுதான் குகுவா கறுப்பை இறக்கி வெள்ளை உடுத்தி, தேவாலயத்தில் நன்றி செலுத்த வேண்டும். அன்றைக்கு அவள் எப்படி வருகிறாள் என்பதை வைத்துத்தான் புகுந்த வீட்டை ஊர் எடை போடும்.

"இந்தத் தலையோடயா வருவே? தம்பி பொண்டாட்டியைக் கவனிக்காம தெருவுல விட்டுட்டாங்கன்னு என் மூஞ்சியிலதானே துப்புவாங்க?"

"நான் ஒழுங்கா வச்சுக்கறேன் புருஷரே."

"நீயா? ஆயுசுல ஒருநாள் அதைத் தொட்டிருக்கியா? சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். நினைவுநாளுக்கு முந்தின சனிக்கிழமை வருவேன். என் சீப்பு முன்னாலேருந்து பின்னால வரைக்கும் போகணும். போச்சுன்னா உன் இஷ்டம். நின்னுச்சுன்னா நேரா சார்லட் சலூன் நாற்காலி. கிரீம் வச்சுத்தான் எழுந்திருக்கணும்."

குகுவா சரி என்றாள்.

தெரியாதவள் என்ன செய்வாள்? எல்லாத்தையும் தப்பாகச் செய்வாள். சட்டி தேய்க்கிற கறுப்புச் சோப்பையே தலைக்கும் போட்டாள். முடி தேங்காய் நாராக விறைத்தது. காய்ந்த தலையில் வேரிலிருந்து சீப்பை இழுத்தாள். சீப்பின் பல்தான் போனது. வறட்சி என்றால் கொழுப்புதானே மருந்து என்று ஷியாக் கொட்டையில் எடுத்த வெண்ணெயை அள்ளி அள்ளி அப்பினாள். அவள் வேலையோ மாவுக்கு நடுவில். துண்டையும் மீறிப் பறந்த மாவு, வெண்ணெய்த் தலையில் படிந்து, அடுப்புச் சூட்டில் இறுகி, சாயங்காலத்துக்குள் ஓடு கட்டிவிட்டது.

எதிரே சோளமாவுக் கெங்கே உருண்டை விற்கிற பெண் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏ குகுவா, அடுப்புல இடம் பத்தலையா? தலையிலயும் ஒரு ரொட்டி வச்சிருக்கியே!"

"வேணும்னா சொல்லு, சூடா ஒண்ணு பிச்சுத் தரேன்" என்று குகுவாவும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குள் போனதும் சிரிப்பு போய்விட்டது. பழைய மாவுச்சாக்கை மடியில் விரித்துக்கொண்டு சீவியபோது, வெள்ளைச் சாக்கு முழுக்கத் துண்டு துண்டாக ஒடிந்த சுருள்கள். வேரோடு வந்தவை அல்ல, நடுவில் முறிந்தவை. அவனோடு கழித்த வருஷங்கள் போனது போதாதென்று, அவனில்லாமல் தள்ளிய ஒரு வருஷமும் மடியில் உதிர்கிறதே என்று வாய்விட்டு அழுதாள். அன்றைக்கு அவளுக்குச் சார்லட்டின் நாற்காலி நிச்சயம் என்றே பட்டது.

அந்த நினைப்பிலேயே மறுநாள் காலையில் மாவு பிசைய உட்கார்ந்தவள், கை தவறி முதலில் மார்ஜரினைப் போட்டுத் தேய்த்துவிட்டாள். பிறகு தண்ணீர் ஊற்றினால் மாவு குடிக்கவே இல்லை. தண்ணீர் மேலாக வழுக்கி ஓடியது, மாவு உதிரி உதிரியாக நின்றது. "கழுதை! தண்ணி முதல்ல, கொழுப்பு அப்புறம்னு கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியுமேடி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டிய வாய் அப்படியே நின்றுபோனது. மாவுக் கை மெதுவாகத் தலைக்குப் போனது.

அடப்பாவி, இத்தனை நாளாகத் தாகத்தில் தவித்த முடியின் வாயை வெண்ணெய் வைத்து அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அந்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தாள். பழைய வெண்ணெயெல்லாம் போக மெல்லிய சோப்பில் அலசினாள். தலையை நாலு பாத்தியாகப் பிரித்தாள். ஈரம் இருக்கும்போதே, கடலை அளவு ஷியா வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவினாள். சீப்பை எடுக்கவில்லை. நுனியிலிருந்து தொடங்கி, சிக்கு ஒவ்வொன்றையும் விரலாலேயே கெஞ்சிக் கெஞ்சி அவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் அகலப்பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. முடி முறியவில்லை. கை வலித்தது, ஆனால் மடியில் விரித்த சாக்கு கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது.

பிசைந்த மாவை மூடி வைப்பது மாதிரி இதையும் மூடி வைக்க வேண்டும் என்பது அடுத்து விளங்கியது. பருத்தித் துண்டு ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. வழுவழுப்பான துணி வேண்டும். பெட்டியைக் குடைந்தபோது ஈபோவின் கல்யாணக் கோட்டு கைக்கு வந்தது. உள்துணி இன்னும் மினுமினுவென்று இருந்தது. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த உள்துணியைப் பிரித்து ஒரு தொப்பி தைத்தாள். "திறந்து பாக்கணும்னு கேட்டியே, இந்தா, கூடவே படுத்துப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை மாட்டிக்கொண்டு தூங்கினாள். அவன் போன பிறகு அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கியதில்லை.

சொன்ன சனிக்கிழமை அபா மன்சா சீப்போடு வந்து நின்றாள். முன்னந்தலையில் சீப்பு தடையில்லாமல் இறங்கியது. பக்கவாட்டிலும் போனது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பின்கழுத்துக்கு மேலே வந்ததும் சீப்பு நின்றுவிட்டது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடி சடை பிடித்துக் கிடந்தது.

"நின்னுடுச்சு பொண்டாட்டி. கிளம்பு சார்லட்கிட்ட."

குகுவா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். "எனக்குப் பின்னால கண்ணா இருக்கு? கைதான் எட்டுதா? உங்க தம்பி இருந்திருந்தா அந்த இடத்தை அவர் பிரிச்சு விட்டிருப்பார்."

அபா மன்சா கைப்பையைத் தரையில் வைத்தாள். குட்டை முக்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காரு" என்று சொல்லிவிட்டுச் சீப்பை ஓங்கினாள்.

குகுவா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, காய்ஞ்ச தலையில வேண்டாம்! தண்ணி முதல்ல, அப்புறம்தான் வெண்ணெய். சீப்பு கடைசியில."

"புருஷனுக்கே பாடம் நடத்துறா பாரு" என்று முணுமுணுத்தாலும் அபா மன்சா தண்ணீரை எடுத்தாள். அவசரக்காரி, முதலில் இழுத்தாள், குகுவா கத்தினாள், பிறகு கை தானாகவே நிதானப்பட்டது. அந்த மத்தியானம் முழுக்க ஊர்வம்பு ஒன்றுகூடப் பேசாமல் அவள் சிக்கெடுத்தாள். எல்லாம் அவிழ்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை, வெறுமனே முடிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சீப்பை ஒருமுறை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஓட்டினாள். அது எங்கும் நிற்காமல் போனது.

"இவ்வளவையும் தலையில வச்சுக்கிட்டு நாமெல்லாம் எங்கடி ஓடினோம்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "சார்லட்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். பிறகு, பிரித்த முடியை இரண்டிரண்டு புரியாக முறுக்கிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முறுக்குகளை அவிழ்த்தபோது குகுவாவின் தலையைச் சுற்றிக் கறுப்பாக, உருண்டையாக, மினுங்கிக்கொண்டு நின்றது அவளுடைய முடி. வெள்ளை உடுத்தி, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, காணிக்கைப் பெட்டிவரை ஆடிக்கொண்டே போனாள். பின்வரிசைக்காரி ஒருத்தி, எங்கே வாங்கிய விக் என்று இழுத்தே பார்த்துவிட்டாள். "அம்மா தாயே, இழுக்காதே, அது வேரோட இருக்கு!" என்று குகுவா அலறியதில் போதகரே சிரித்துவிட்டார். நன்றி சொல்ல நிறைய இருந்தது அவளுக்கு. ஈபோவைக் கொடுத்ததற்கும், அவன் போன பிறகும் தன்னைக் கீழே விழவிடாமல் நிறுத்தியதற்கும், ஒடியாமல் மிஞ்சிய இந்த முடிக்கும் சேர்த்துச் சொன்னாள்.

வந்தவர்கள் ஜொலோஃப் சோறும் பொரித்த மீனும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, சட்டிகள் கழுவப்படாமல் கிடந்தன. அபா மன்சா மட்டும் போகவில்லை. பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். அதே குட்டை முக்காலியில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து பிரிக்காத ஒரு பிளேடை எடுத்து நீட்டினாள். பிறகு இரண்டு கையாலும் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய நெற்றியோரமும் காதோரமும் வழுக்கையாகப் பளபளத்தன. உச்சியில் மட்டும் கிரீமில் வெந்த கொஞ்சம் முடி காய்ந்த புல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் புருஷனுக்கே காட்டினதில்ல" என்றாள் அபா மன்சா. குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "நேத்து உன் தலையில கை வச்சதுலேருந்து மனசு கேக்கல. எல்லாத்தையும் எடுத்துடு. நானும் முதல்லேருந்து வரேன்."

"ஊரு சும்மா இருக்குமா? யார் செத்தாங்கன்னு கேப்பாங்களே."

"யாரும் சாகல, என் பொண்டாட்டி எனக்கு முடி எடுத்துவிட்டான்னு சொல்லு."

"ஓரத்துல முளைக்குமான்னு எனக்குத் தெரியாதுக்கா." குகுவா அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளை அக்கா என்றாள்.

"முளைச்சா முளைக்கட்டும். இல்லைன்னா காத்தாவது படட்டும்."

குகுவா பிளேடைப் பிரித்தாள். காய்ந்த முடி கீற்றுக் கீற்றாகத் தரையில் விழுந்தது. முடிக்கும் தறுவாயில் நிறுத்திவிட்டு, சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதைச் சொன்னாள். "அன்னிக்கு நீங்க எனக்கு மழிச்சுவிட்டப்போ, உங்க கையை நான் மனசுக்குள்ள சபிச்சேன். அந்தக் கைதான்க்கா எனக்கு இந்த முடியைக் கொடுத்துச்சு. உங்களுக்கு ரொம்ப நன்றி."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, அபா மன்சாவின் புது மொட்டையில் நேராக விழுந்தது. துடைக்கப் போன கையை அபா மன்சா பிடித்துக்கொண்டாள்.

"விடு பொண்டாட்டி, விழட்டும். தண்ணி முதல்ல, அப்புறம்தான் வெண்ணெய்னு நீதானே சொன்னே?"