முதல் ஈடு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் இட்லிக் கடை வைத்திருந்த அந்த அம்மாள் நல்ல பருமன். நெற்றி நிறைய விபூதி. நடந்து களைத்த கூட்டம் பசியோடு நின்றாலும், முதல் ஈடு வெந்ததும் தனக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். பிறகுதான் வியாபாரம்.

"எங்களுக்குக் குடுத்துட்டு சாப்பிடலாமேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுக்காரர்கிட்ட இருந்தப்போ, தட்டு எப்போ பறக்குமோனு பாத்துக்கினே துன்னுவேங்க. வயிறெல்லாம் புண்ணு. தூக்கமும் கெடையாது. எத்தினி மாத்திரை. தனியா வந்து இப்படி உக்காந்து துன்ன ஆரம்பிச்சேன், வலி கம்மியாயிடுச்சு" என்றார், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

அப்போது யாரோ எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கீழே தவறவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவருடைய இடது கை பாய்ந்து தன் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் இன்னும் தெரியல பாருங்க" என்று உடம்பு குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு இன்னும் இரண்டு இட்லி எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.