அண்ணனின் பத்து விரல்கள்

சீனாவில் இருந்த ஐந்து வாரமும் குன்னூரை விட்டு வந்த மாதிரியே எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியின் எட்டாவது மாடி ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் ஒரே வெண்மை. அது பனிமூட்டமா, ஊர்ப் புகையா என்று கடைசிவரை பிடிபடவில்லை. அண்ணன் காலையில் கண் விழித்ததும் அதைப் பார்த்து, "இன்னைக்குக் கொழுந்து எடுக்க நேரமாவும் அம்மிணி, செடியெல்லாம் ஈரம்" என்பான். சொல்லி முடித்த பிறகுதான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது அவன் முகத்தில் மெல்ல வந்து சேரும்.

அதற்கு முந்தைய வருடம் அவன் ஏணியிலிருந்து விழுந்திருந்தான். தேயிலை விலை சரிந்து கிடந்த காலம். ஃபாக்டரிக்காரர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பச்சை இலை எடுத்தார்கள்; எடுத்த இலைக்கும் பறிகூலி தேறவில்லை. எங்கள் இரண்டு ஏக்கரில் விலை போகிற பொருள் என்றால் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருந்த மிளகு மட்டும்தான். ஆள் வைத்தால் கட்டாது என்று அண்ணனே ஏணி சாத்தி ஏறினான். ஏணி வழுக்கி, வடிகால் கல்லின் மேல் மல்லாக்க விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாமல் போனது. அவனுக்கு இருபத்தேழு வயது.

எனக்கு இருபது. ஊட்டியில் விலங்கியல் கடைசி வருடம். எதையாவது படித்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும், மறுநாளே அதைச் செய்து பார்த்தாக வேண்டும் என்கிற ரகம் நான். பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கம் திறக்கும். அப்படித் திறந்த ஒரு பக்கத்தில்தான் ஸ்டெம் செல் சிகிச்சையைப் பார்த்தேன். 'குருத்தணு' என்று நோட்டில் எழுதிக்கொண்டு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"கொழுந்து மாதிரிண்ணா. இன்னும் எதுவாவும் ஆகாத செல்லு. முதுகுத்தண்டுல போட்டா நரம்பாவே வளருமாம்!"

"கொழுந்து மாதிரியா? அப்ப கிலோ என்ன வெலைக்குப் போவுதுன்னு கேட்டுக்கிட்டு வா" என்றான் அண்ணன். விழுந்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோயமுத்தூரில் அவனைப் பார்த்துவந்த டாக்டர், இது இன்னும் சோதனையில் இருக்கிற விஷயம், பயிற்சியை விடாதீர்கள், அதுவே பெரிது என்றார். எனக்கு அவர் பழைய ஆளாகத் தெரிந்தார். நான் ஒரு மாதம் பேசினேன். சாப்பிடும்போது பேசினேன், துணி காயப்போடும்போது பேசினேன். அப்பா தேயிலை ஃபாக்டரியில் கிளார்க், அதிகம் பேசாதவர். கடைசியில் அவர் எங்கள் இரண்டு ஏக்கரில் மேல்காட்டை விற்றார். அந்தச் சமயத்தில் தேயிலைக் காடு என்ன அடிமாட்டு விலைக்குப் போகும் என்று குன்னூரில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு விமானம் ஏறினார். அம்மா வீட்டில் இருந்துகொண்டாள்.

அந்த வாரங்கள் இப்போது தனித்தனி நாட்களாக ஞாபகத்தில் இல்லை. ஒரு நீண்ட தாழ்வாரம், மெழுகிய தரை, அதில் சத்தமில்லாமல் நழுவிப் போகிற சக்கர நாற்காலிகள். பல தேசத்து ஆட்கள். எல்லோர் மடியிலும் ஒரு கம்பளி. சாயங்காலமானால் தாழ்வாரக் கடைசியில் இருந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் கூடி, ஒன்றும் தெரியாத வெளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. நர்ஸ் கண்ணாடி டம்ளரில் நாலைந்து இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றித் தருவாள். இலைகள் நட்டமாக நின்று, அசைந்து, ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். அண்ணன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு இலை ஒரு கொழுந்து. பறிச்ச கை நல்ல கை" என்பான். ஆனால் குடிக்க மாட்டான். பால் இல்லாத டீ அவனுக்கு இறங்காது. அப்பாதான் இரண்டு டம்ளரையும் குடித்து முடிப்பார்.

வாரத்துக்கு ஒருமுறை முதுகுத்தண்டில் ஊசி. மற்ற நாட்களில் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற ஆள் அண்ணனை உட்கார வைப்பார், சாய விடுவார், மறுபடி உட்கார வைப்பார். டாக்டர் வந்து கால்களைக் குண்டூசியால் தொட்டுப் பார்ப்பார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, திரும்ப இங்கே. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. மொழிபெயர்க்க வந்த பெண் "மெதுவாக, மெதுவாக" என்பாள். எனக்கு எரிச்சல் வரும். இப்படித் தாவித் தாவித் தொட்டால் மனுஷன் எப்படிப் பதில் சொல்வான்?

அதனால் நானே ஆரம்பித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வான்; எந்த விரலைத் தொடுகிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். இடது கால் சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரல் வரை போவேன்; பிறகு வலது கால் பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை வருவேன். முதலில் ஒவ்வொரு விரலுக்கும் "இப்போ?" என்று கேட்டேன். போகப்போகக் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு மூச்சுக்கு ஒரு விரல். முதல் நாள் இரண்டு சரியாகச் சொன்னான். அடுத்த வாரம் ஐந்து. திரும்பி வருகிற வாரம், பத்துக்கு எட்டு.

"எப்படிண்ணா இருக்குது? குத்தற மாதிரியா, சுடற மாதிரியா?"

"அப்படியெல்லாம் இல்ல. அங்க ஏதோ இருக்குதுன்னு தெரியுது" என்றான். அவன் முகம் கனவு காண்கிறவன் முகம் மாதிரி இருந்தது. நான் தாழ்வாரத்தில் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

ஊருக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாப்பில், காலேஜில், கொழுந்து எடுக்க வரும் ஏஜெண்டிடம், எல்லோரிடமும் பத்துக்கு எட்டு. அந்த ஏஜெண்ட் வழியாகச் செய்தி ஊட்டிக்கு அப்பால் எமரால்டு என்ற ஊர் வரைக்கும் போயிருக்கிறது. அங்கே கொஞ்சம் தேயிலையும் கேரட்டும் போடுகிற ஒருவர் போன் செய்தார். ஜீப் கவிழ்ந்ததில் அவர் மகளுக்கு முதுகில் அடி, படுத்த படுக்கை. என் வயதுப் பெண். அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். விலாசம் கொடுத்தேன், என்னென்ன கம்பளி எடுத்துப்போக வேண்டும் என்றுகூடச் சொன்னேன். அண்ணனை ஒருமுறை நேரில் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை, நல்ல வெயில். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருக்க, நான் மூன்று விரல் தொட்டிருப்பேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வந்தது. எழுந்து ஓடி அடுப்பை அணைத்தேன். திரும்பி வரும்போது வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"பெருவிரல்" என்றான் அண்ணன்.

கட்டிலருகே யாருமில்லை. அவன் கால்கள் மேல் ஜன்னல் வெயில் மட்டும் கிடந்தது.

"வலது கால் பெருவிரல்... அடுத்தது... நடுவிரல்..." ஒரு மூச்சுக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தான். முகம் அத்தனை அமைதி. சுண்டுவிரல் வந்ததும் கண்ணைத் திறந்து, வாசற்படியில் என்னைப் பார்த்து, "எத்தனை?" என்றான்.

"ஒம்பது" என்றேன்.

"பாரு, ஏறுது!"

ஜன்னலுக்கு அப்பால் எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பறிக்கிற வரிசையை எங்கள் பக்கம் நெரை என்பார்கள். ஒரு நெரையில் ஏறினால் அடுத்த நெரையில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு செடி விடக்கூடாது. அண்ணன் பத்து வருடமாகக் காட்டில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவன். நான் நடக்கக் கற்றதே அந்த நெரைகளுக்கு நடுவில்தான். சீனா வரைக்கும் போயும் என் விரல் நெரை பிடித்துத்தான் போயிருக்கிறது. அவனும் கண்ணை மூடிக்கொண்டு அதே நெரையில் எனக்கு ஒரு செடி முன்னால் நடந்திருக்கிறான்.

பின்கட்டுக்குப் போனேன். அம்மா சட்டையைப் பிழிந்துகொண்டே, "பார்த்துட்டியா கண்ணு?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெனமும் காலைத் தொடைக்கறவ நானு. அவன் அந்தப் பக்கம் பேசிட்டிருப்பான், நான் இந்தப் பக்கம் தொடைச்சு முடிச்சுருவேன். எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா சொல்லலை?"

"ரெண்டு இட்லி சேத்திச் சாப்பிடறான் சாமி. அதான்."

ஞாயிற்றுக்கிழமை எமரால்டுக்காரர் வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் ஒரு பை கேரட். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பத்துக்கு எட்டுன்னு சொன்னீங்களே அம்மிணி, அதைச் சொல்லிச் சொல்லித்தான் எம் புள்ளைக்குச் சோறு ஊட்டறேனுங்க. காட்டை வாங்க ஆள் வந்தாச்சு. நாளைக்கு அட்வான்ஸ். அதுக்கு முந்தி ஒருக்கா கண்ணால பாத்துட்டாப் போதும்."

"நல்லாப் பாருங்க. இப்ப ஒம்பதுங்க" என்றான் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டான். "வா அம்மிணி."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தால் ஒன்பது வரும், பத்துகூட வரும். அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டியவள், எழுந்துவிட்டேன்.

"நீங்களே தொட்டுப் பாருங்க" என்றேன் அவரிடம்.

அவர் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, வலது கால் நடுவிரலை மெல்லத் தொட்டார். அண்ணன் பேசவில்லை. அடுத்து இடது குதிகால். அதன் பிறகு ஒரு பாதத்தையே இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"கூச்சப்படாதீங்க, தொடலாமுங்க" என்றான் அண்ணன், கண் திறக்காமல், சிரித்தபடி.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அண்ணா, அவரு பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

கண்ணைத் திறந்தான். அந்தக் கைகளுக்குள் இருந்த தன் பாதத்தை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். பனி ஏறி வந்து ஜன்னலை மூடியது. எதிர்ச் சரிவு போயிற்று, கொய்யா மரம் போயிற்று, வேலிக் கம்பியும் போயிற்று.

"இவ அடுத்தது எங்க வருவான்னு தெரியுமுங்க" என்றான் கடைசியில். "அது தெரியறதா, தொடறது தெரியறதான்னு எனக்கே பிரிக்க முடியலைங்க." என் பக்கம் திரும்பி, "நெரை மாத்தியாச்சும் போயிருக்கலாமில்ல கழுதை" என்றான். குரலில் கோபமில்லை. பிறகு அவரிடம், "உக்கார முடியுதுங்க. போறதுக்கு முந்தி அதுவும் முடியாது. அது அந்த ஊசியா, அந்த ஆளு போட்டுப் பிழிஞ்ச பயிற்சியா, எனக்குத் தெரியாதுங்க. காலு இப்படித்தான்."

எமரால்டுக்காரர் கட்டிலில் கிடந்த காலுறையை எடுத்து, பச்சைக் குழந்தைக்குப் போடுவது மாதிரி ஒவ்வொரு விரலாக உள்ளே விட்டு, அண்ணன் காலில் மாட்டிவிட்டார். அப்பா வந்து, "டீ குடிச்சுட்டுப் போலாமுங்க" என்றார். எல்லோரும் டீ குடித்தார்கள். மகளுக்குப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அம்மா அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே என்னையே பார்த்தார்.

வேலிப் படல் வரைக்கும் அவர்கூடப் போனேன். பனியில் பாதை மூன்றடிதான் தெரிந்தது. அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"ஏனுங் அம்மிணி..." என்றார் தாழ்ந்த குரலில். "தம்பி கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டிருக்கறப்பத் தொட்டா, தெரியுமுங்களா?"

யார் எதைக் கேட்டாலும் பத்து வார்த்தை தயாராக வைத்திருக்கிறவள் நான். அந்தப் பத்தும் வாயில் வந்து நின்றன.

"இல்லீங்க" என்றேன்.