பாலத்துக்குள் பதின்மூன்று வருஷம்

என் மாமனார் பாலத்துக்குள் வேலை பார்த்தவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் 'பாலத்தில்' என்று மனசுக்குள் திருத்திக்கொள்வார்கள். திருத்த வேண்டியதில்லை. அந்தப் பாலத்தின் வயிறு வெறும் கூடு. நடைபாதையில் ஓர் இரும்பு மூடி இருக்கும். அதைத் தூக்கி, ஏணி வழியாக இறங்கினால், குனிந்து நடக்கிற உயரத்துக்கு ஒரு கான்கிரீட் குகை ஆற்றுக்கு மேலே நீளமாகப் போகும். வாரம் ஒரு காலை அவர் அதற்குள் இறங்குவார். லாரிக்காரர்கள் அவருக்குப் பெருச்சாளி என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "பெருச்சாளி வளைக்கு ரெண்டு வாசல் இருக்கும். எனக்கு ஒண்ணுதான்" என்பார்.

இந்தக் கதையைப் பாதி அவர் சொல்லியும் பாதி அத்தை, அதாவது என் மாமியார், சொல்லியும் கேட்டேன். இருவர் பேச்சும் ஒத்துப்போகாத இடங்களில் அத்தை சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வட்டாரத்தில் எழும்பிய முதல் பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் பாலம் அது. கான்கிரீட்டை நெருக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால் வார்க்கும்போதே உள்ளே குழாய் பதித்து, அதற்குள் எஃகுக் கம்பிகளைக் கட்டுக்கட்டாக ஓட்டி, கான்கிரீட் இறுகியபின் ஜாக்கி போட்டு இழுத்து, முனையில் ஆப்பு அடித்துவிடுவார்கள். இழுபட்ட கம்பி பழையபடி சுருங்கப் பார்க்கும். கான்கிரீட் குறுக்கே நின்று அதைச் சுருங்க விடாது. அந்த நெருக்கலில்தான் பாலம் பாரம் தாங்குகிறது. தீப்பெட்டிகளை நூலில் கோத்து, நூலை இறுக்கி, கம்பு மாதிரி விறைப்பாக நிறுத்திக் காட்டுவார் மாமா.

ஆனால் நெருக்கி வைத்த கான்கிரீட் வருஷக்கணக்கில் மெல்லக் குறுகிக்கொண்டே போகும். அது குறுகக் குறுகக் கம்பி தளரும். எவ்வளவு குறுகும், எப்போது நிற்கும் என்று அந்த வெயிலுக்கும் அந்த மணலுக்கும் கணக்கு வைத்திருந்தவர் யாருமில்லை. கையில் இருந்த புத்தகங்கள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. எனவே பாலத்தைக் கட்டிய பொறியாளர் அதன் உள்சுவரில் நாற்பது இடங்களில் இரண்டிரண்டு எஃகுக் குமிழ்களைப் பதிக்கச் சொன்னார். குமிழுக்குக் குமிழ் உள்ள தூரத்தை, முள் வைத்த ஒரு கருவியால் வாராவாரம் அளக்க வேண்டும். முள் எத்தனை கோடு இறங்குகிறதோ அத்தனை தூரம் பாலம் குறுகியிருக்கிறது.

பாலம் கட்டும்போது மாமா கம்பி இழுக்கிற இடத்தில் குறிப்பு எழுதுகிறவராக இருந்தார். ஜாக்கியின் முள் காட்டுவதை உரக்கச் சொல்வதும், கம்பி எவ்வளவு நீண்டது என்று எழுதுவதும் வேலை. பொறியாளருக்கு அவர் கண்மீது நம்பிக்கை.

"மூணு வருஷம் நீங்க பாருங்க" என்றார். "ஒவ்வொருத்தர் கையும் கருவியை ஒவ்வொரு மாதிரி அழுத்தும். கை மாறினா அளவும் மாறிடும். அதனால முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் ஒரே கைதான்."

பாலத்து முனையில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த கொட்டகையை இரண்டாகத் தடுத்து வீடு என்று கொடுத்தார்கள். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாலையைப் பார்த்து. லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கே கை வைத்தாலும் சிமெண்ட் தூசி. அத்தை தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டு, ஓட்டுநர்களின் கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்தாள். முதல் வருஷத்திலேயே மகள் பிறந்தாள். அவளைத்தான் பிற்பாடு நான் கட்டிக்கொண்டேன். கடைக்கு இரண்டு மைல். பள்ளிக்கூடம் நகரத்தில்தான், பஸ் மனசு வைத்தால் ஒன்றரை மணி நேரம்.

மூன்று வருஷம் முடிந்தது. மாமா மாற்றல் கேட்டு எழுதினார். 'ஒரே கை' என்று இரண்டு வார்த்தையில் பதில் வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினார். அதே இரண்டு வார்த்தை, வேறு மையில்.

நாலாம் வருஷம் கோடையில் அது நடந்தது. வழக்கம்போல வெயில் ஏறுவதற்கு முன்பே உள்ளே போயிருந்தார். பாலத்தின் மேல் தார் போட அன்றைக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். இரும்பு மூடியை ஏதோ சாக்கடை மூடி என்று நினைத்துக்கொண்டு சாத்தினார்கள். அதன்மேல் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

இருபத்தாறாவது இடத்தில் இருந்தபோது வாசல் வழியாக வந்த வெளிச்சம் பட்டென்று நின்றது. தவழ்ந்து வந்து ஏணியில் ஏறி, மூடியைத் தோளால் முட்டினார். அசையவில்லை. கத்தினார். மேலே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. கருவியின் இரும்புப் பெட்டியால் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் குகையின் கடைசிவரை போய் அவரிடமே திரும்பி வந்ததே தவிர மேலே போகவில்லை. நண்பகலுக்குள் டார்ச் செத்துவிட்டது. சூடான தார் மேலிருந்து காய்ச்ச, சுவர் கையை வைக்க முடியாமல் சுட்டது. ரோலர் ஒவ்வொரு முறை தலைக்கு மேல் வரும்போதும் பாலம் தன்மேல் உட்காரப் போகிறது என்றே நினைத்தாராம். கம்பிகளை இழுத்த கணக்கு அத்தனையும் தெரிந்த மனுஷன். தெரிந்தது ஒன்றும் அந்த இருட்டில் உதவவில்லை.

சாப்பாட்டுக்கு வராதவரைத் தேடி அத்தை இடுப்பில் பிள்ளையோடு பாலத்துக்கு வந்தாள். மூடி இருந்த இடத்தில் ஜல்லிக் குவியல்.

"இதுக்குக் கீழ ஒரு மூடி இருந்துதே, எங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள்.

"அது சாக்கடைம்மா."

"ஆத்து மேல எவன்யா சாக்கடை கட்டுவான்?"

மேஸ்திரி பதில் யோசிப்பதற்குள் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு வெறுங்கையால் ஜல்லியை வாரத் தொடங்கிவிட்டாள். பிறகுதான் அவர்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். மூடியைத் தூக்கியபோது மாலை நாலு மணி. மாமா ஏணியின் மேல்படியில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். கை இரண்டும் படியைவிட்டு வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூடியைத் திறந்தார். ஒரு கால்தான் இறங்கியது, இன்னொன்று வர மறுத்தது. அரை மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டைத் திறந்து, போன வார அளவுகளையே கடைசி இலக்கத்தை மட்டும் அங்கங்கே மாற்றி எழுதிவிட்டு வந்தார். அடுத்த வாரமும் அப்படியே. இப்படி ஒன்பது வாரம்.

கண்டுபிடித்தது அத்தைதான். துணி துவைக்கிறவளுக்குத் தெரியாதது உண்டா?

"என்னங்க, உங்க சட்டையில அழுக்கே இல்லையே. உள்ள யாராவது கம்பளம் விரிச்சிருக்காங்களா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவர் சொன்னார், உள்ளே போக முடியவில்லை என்று. கல்யாணமாகி அவர் அழுது பார்த்தது அன்றைக்குத்தான் என்றாள் என்னிடம்.

மறுநாள் ஓர் ஓட்டுநரைப் பிடித்து மூடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். பிள்ளையையும் அவரிடமே கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் முன்னாடி போறேன். நீங்க என் முதுகைப் பாத்துக்கிட்டே வாங்க" என்று இறங்கினாள். மாமா பின்னால் இறங்கினார். ஒரு கை கருவியில், இன்னொன்று சுவரைப் பிடித்தபடி, எழுதக் கை மிச்சமில்லை. அவர் முள்ளைப் படிக்க, அவள் எழுதினாள்.

அங்கேதான் புதுச் சிக்கல். அந்த ஒன்பது வாரமும் வறட்டுக் காற்று வீசி, கான்கிரீட் எப்போதையும்விட வேகமாகக் காய்ந்து குறுகியிருந்தது. முள் நாற்பது இடத்திலும் நோட்டில் இருந்ததைவிடப் பன்னிரண்டிலிருந்து பதினாறு கோடு வரை கீழே நின்றது. உள்ளதை எழுதினால், ஒரே வாரத்தில் பாலம் தடாலென்று குறுகியதாக நோட்டில் தெரியும். என்ன ஆயிற்று என்று ஜீப் வந்து நிற்கும். மாமா சராசரியாகப் பதினான்கு என்று வைத்துக்கொண்டு, முள் காட்டியதோடு பதினான்கைக் கூட்டிச் சொன்னார். அன்றைக்குக் கூட்டியவர் அடுத்த வாரமும் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வாரமும்.

இரண்டு மாதம் போனபின் அத்தை கேட்டாள். "முள்ளைப் பாத்துச் சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு நின்னு சொல்றீங்க."

அவர் சொன்னார்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் பொய்யா?"

"பதினாலு மட்டும்தான் பொய். மத்ததெல்லாம் மெய்."

"பால்ல ஒரு சொட்டு விஷம் மட்டும்தான்னு சொல்ற மாதிரி இருக்கு."

ஆனாலும் எழுதினாள். வேறென்ன செய்வது? சொன்னால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். சொல்லாமல் இருந்தால் வாரம் ஒரு தடவை, நாற்பது தடவை, மனசுக்குள் பதினான்கைக் கூட்ட வேண்டும். தூக்கத்தில்கூடக் கூட்டுகிறார் என்றாள் அத்தை.

அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள் காலை பொறியாளர் ஜீப்பில் வந்தார். தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"உங்க மாற்றல் ஆர்டர். நகரத்துல ஸ்டோர் வேலை. மாசக் கடைசியில போயிடலாம். இங்க இனிமே ரொம்பப் பாக்கத் தேவையில்ல, எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு."

அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள், செம்பைவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள். மகளுக்கு அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு.

பொறியாளர் நோட்டைப் புரட்டினார். "இடையில எழுத்து மாறுதே. இது யார் எழுத்து?"

"என் வீட்டுக்காரி எழுத்து சார். நான் சொல்லச் சொல்ல எழுதினா."

"கருவியைப் பிடிச்சது?"

"நான்தான் சார்."

"அப்ப சரி." நோட்டை மூடினார். மேற்கே இன்னொரு ஆற்றில் கட்டப்போகும் பாலத்தைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசத் தொடங்கினார். இதைவிட இரண்டு மடங்கு நீளம். "புத்தகத்துல சொன்ன அளவுக்கு நம்ம கான்கிரீட் குறுகல. உங்க அளவை வச்சுத்தான் அங்க கம்பியைக் குறைச்சிருக்கேன். அடுத்த மாசம் வார்ப்பு."

அத்தோடு விட்டிருக்கலாம். கேள்வி கேட்டவரே திருப்தியாகிவிட்டார். ஆர்டர் மடியில் இருக்கிறது.

"சார்" என்றார் மாமா. "அதுல பதினாலு கூட இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்தபடியே சொன்னார். பொறியாளர் கோபப்படவில்லை. நோட்டைத் திரும்பத் திறந்து, ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார்.

"மொத்தக் குறுகல்ல அஞ்சுல ஒரு பங்கு அது" என்றார். பிறகு, "கருவியை எடுங்க."

மூவருமாக இறங்கினார்கள். நாற்பது இடத்திலும் மாமா உள்ளபடி படித்தார். இடையில் ஒரு மூச்சும் நிற்கவில்லை. பொறியாளர் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

மேலே வந்ததும், அந்தக் காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதை நான் ஆபீஸ்ல சொல்லப் போறதில்ல. சொன்னா உங்க வேலை போயிடும். இத்தனை வருஷ அளவும் குப்பைக்குப் போகும். ஆனா எது பொய், எது மெய்னு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். இனிமே வேற கையை இதுக்குள்ள நான் விட முடியாது. காத்து வீசினா எவ்வளவு குறுகுது, மழைக்கு எவ்வளவு நிக்குதுன்னு எல்லாத்தையும் புதுசாப் பாக்கணும். எத்தனை வருஷம்னு எனக்கே தெரியல."

ஜீப் போய்விட்டது. மறுநாள் துணி உதறும்போது அத்தை சொன்னாள்.

"சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா சொல்றதுக்கு முன்னாடி என் முகத்தை ஒரு தடவை பாத்திருக்கலாம்."

"பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் மாமா.

அந்த வாரமும் அவள்தான் முன்னால் இறங்கினாள்.

மேற்குப் பாலத்தில் ஒவ்வொரு விட்டத்திலும் இரண்டு கம்பிக் கட்டு கூடுதலாக வைத்துக் கட்டினார்கள். அது இன்றைக்கும் நிற்கிறது. பழைய கணக்குப்படியே கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமாவிடம் கேட்டேன். "தொங்கியிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றார். அதுதான் அவரை உறுத்தியது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்காக மகளை நகரத்தில் தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்கு என்றுதான் விட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவார்கள். வாராவாரம் அளக்க வேண்டுமே. அப்படி எட்டு வருஷம்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து அளவு தேவையில்லை, கருவியைப் பெட்டியில் வைத்து அனுப்பவும் என்று இருந்தது. முன்பு கைநழுவிய அதே ஸ்டோர் வேலையைக் கொடுத்தார்கள். தாய்மாமன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். மூன்று ஜன்னல், மூன்றும் தோட்டத்தைப் பார்த்து. அத்தை மகளுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, புதுத் திரை தைத்துப் போட்டாள்.

முதல் நாள் மகள் வந்தாள். பதின்மூன்று வயசு. திரை நன்றாக இருக்கிறது என்றாள். சாப்பிட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள், விருந்துக்கு வந்தவர்கள் செய்வது போல. விளக்கேற்றுகிற நேரத்தில் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?" என்று கேட்டாள்.

கேட்டபோது அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்கிறாள் என் மனைவி. அம்மா ஏன் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள் என்றும் புரியவில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "இரும்மா, நான் கொண்டு விடறேன்" என்றார். அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு தெருவும் நடந்தார். வாசலில் அவளை விட்டுவிட்டு, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.