பறிக்காத மல்லி

எங்கள் வீட்டுப் பெண்கள் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும், தலையில் பூ வைப்பதில்லை. எங்கள் வீடு என்று இப்போது எழுதுகிறேன். 2007-இல் அது அவர்கள் வீடு. நான் கல்யாணமாகி நான்கு மாதம் ஆன புது மருமகள்.

பிறந்தது சிதம்பரத்தில், வெள்ளிக்கிழமை பூ இல்லாமல் தெருவில் இறங்காத குடும்பத்தில். கடலூரில் ஒரு கிறிஸ்தவரை நானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். என் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா மட்டும் அவர் குளிக்கும் நேரமாகப் பார்த்து போன் செய்வாள். அவர் தலை துவட்டுவதற்குள் வைத்துவிடுவாள்.

மஞ்சக்குப்பத்து வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே கொஞ்சம் மண் இருந்தது. அதில் இரண்டு குண்டுமல்லிச் செடிகள். தை மாதம் அவற்றை நான் ஒட்ட வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டேன். செடியைக் கொன்றுவிட்டேன் என்று அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு வாரம் முணுமுணுத்தார். மாசியில் மொட்டு வைத்ததும் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பறித்து, தொடுத்து, வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

அத்தை என் தலையைப் பார்த்தார். "நாங்க இந்த நாப்பது நாளும் வெக்கிறதில்லமா. நீ வெச்சிக்க, உன் இஷ்டம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களுக்கு நாற்பது நாள் என்றால் எனக்கும் நாற்பது நாள். அங்கேயே எடுத்துவிட்டேன். பக்தி என்று சொன்னால் பொய்.

அப்புறம்தான் ஒன்று நடந்தது. பறிக்க ஆள் இல்லாததால் பூ செடியிலேயே மலர்ந்தது. மல்லியை நாம் மொட்டாகவே பறித்துவிடுகிறோம். கடையிலும் மொட்டு, கூடையிலும் மொட்டு. பிறகு அது நம் கொண்டைக்குப் பின்னால், நமக்குத் தெரியாமல் மலர்ந்துகொள்கிறது. இருபத்து நான்கு வயது வரை நான் அதைப் பார்த்ததே இல்லை.

பங்குனி வந்ததும் தினமும் சாயங்காலம் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டு வேம்பு எங்கள் பக்கமும் பூவாகக் கொட்டிவைத்திருக்கும். கடல் காற்று கிளம்பும். கண் கொட்டாமல் பார்த்தால் மொட்டு அசையாது. வேம்பை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் இரண்டு இதழ் விலகியிருக்கும். இன்னும் கொஞ்சம் இருட்டினால் செடி மட்டும் வெள்ளையாகத் தெரியும். உடம்பே இல்லாதது போல லேசாக இருக்கும் எனக்கு. யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அப்படி ஒரு நாள் மத்தியானம் அம்மா வந்து நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. பண்ருட்டியில் சித்தி வீட்டுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையில் வாழையிலையில் சுற்றிய பூ. தோட்டத்தில் என்னைத் திருப்பி நிறுத்தி வைக்கப் போனாள். நான் நகர்ந்துகொண்டேன்.

"இப்ப வெச்சிக்கிறதில்லமா. ஈஸ்டர் வரைக்கும்."

அம்மா செடியைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "செடி நெறைய பூவ வெச்சிக்கிட்டு, கட்டுனவன் நல்லா இருக்கறப்பவே வெறுந்தலையோட நிக்கிறியேடி. அவுங்க சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நானாதான்."

"அப்ப உங்கப்பா சொன்னது சரிதான். நீ எங்க புள்ளயே இல்ல."

பையை எடுத்துக்கொண்டாள். இப்போது போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கலாம். என் திமிர் விடவில்லை.

அத்தை காபியோடு வந்தார். "உக்காருங்க சம்பந்தி. இவளுக்கு பக்தியெல்லாம் ஜாஸ்தி இல்ல. செடியில பூ விரியுறத பாக்கணும், அதான். பொழுது சாஞ்சா சோறு வடிக்கக்கூட வரமாட்டேங்கிறா. நீங்களே இருந்து பாருங்க, அப்பறமா திட்டுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் காபியை மறுக்க முடியாமல் கல்லில் உட்கார்ந்தாள். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போயாக வேண்டும் என்றாள். ஐந்தும் ஆனது, ஐந்தரையும் ஆனது. வெயில் மதில்மேல் ஏறிப் போனது. முதல் மொட்டு நெகிழ்ந்தபோது அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். ஒவ்வொன்றாக விலகி, வாசனை எழும்பி வந்தது. அம்மா குனிந்து ஒரு பூவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

"அம்பது வருஷமா தலையில வெச்சிக்கிறேன்" என்றாள். அப்புறம், "உன் போன குடு."

நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள்.

"நான்தான். பண்ருட்டிக்குப் போவல. கடலூர்ல, நம்ம புள்ள வூட்ல இருக்கேன். காலையில வரேன்."

திட்டு விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"சாப்பிட்டியான்னு கேக்குறாரு. என்னைய இல்ல."