பித்தளைத் தூக்கு ஒப்புக்கொண்ட ஆம்ப்ளிபயர்

என் மனைவிக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்பதே கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கன்னியர் மடத்து விடுதியில் படித்தபோது ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாராம். அதையும் அவள் சொல்லவில்லை, எங்கள் பங்குச் சாமிதான் சொன்னார். வெளிநாட்டுக் குருவானவர் ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது தன் எலக்ட்ரிக் கிட்டாரைக் கோவிலுக்கு விட்டுப் போயிருந்தார். பாடகர் குழுவில் அதைத் தொட ஆளில்லை. சாமி எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, "ஈஸ்டர் பூசைக்கு நீதாம்மா வாசிக்கணும்" என்று சொல்லி, கிட்டாரைப் போர்வையில் சுற்றி எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். தொண்ணூறுகளில் ஒரு தவக்காலத் தொடக்கம் அது.

எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிபயரில் மாட்டாமல் வாசித்தால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். அவள் அதன் மரத்தில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு வாசிப்பாள். உலை கொதிக்கிற சத்தமே அதை அமுக்கிவிடும். ஆனாலும் அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆண்டவர் இவளுக்குள் இதை வைத்திருந்திருக்கிறார், நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக் செட் போடுகிறவரிடம் போனேன்.

"எம்புட்டுப் பேருண்ணே கூட்டம்?" என்றார்.

"ஒரு ஆள்தான்."

"வாசிக்கிறது ஒரு ஆளு. கேக்குறது?"

"அதே ஆளுதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆம்ப்ளிபயர் எல்லாம் அடுத்த ஊருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியவை. இருந்ததிலேயே சின்னது என்று ஒரு பெட்டியை, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். சின்னது என்றால் எங்கள் வீட்டு அரிசி டிரம் உயரம்.

நாங்கள் குடியிருந்தது காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில். வீட்டுக்கார ஆச்சி முன்பக்கம் இருந்தார். எங்கள் அறையை ஒட்டிய அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். ஆச்சி தன் இளைய மகளுக்குச் சேர்த்து வைத்த சீர்ச் சாமான்கள் அதற்குள் இருந்தன. பித்தளையும் எவர்சில்வருமாக, தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கு. சாவி ஆச்சியின் இடுப்பில்.

சாயங்காலம் பெட்டியில் மாட்டி, என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டு, மேலே இருக்கிற தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்து அறை பதில் சொன்னது. குடம், தூக்கு, தாம்பாளம் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுவென்று நடுங்கின.

ஆச்சி விளக்குமாறோடு ஓடி வந்தார். "யாருடா உள்ள?"

பூட்டைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. நான் விளக்கம் சொல்வதற்காகக் கம்பியை இன்னொரு தரம் தட்டினேன். தட்டியிருக்கக் கூடாது. அடுக்கு முழுவதும் ஆச்சியின் கண்ணெதிரிலேயே ஆடியது.

"தம்பி, செபம் பண்ற குடும்பம், அமைதியா இருப்பீகன்னுதான் வீடு குடுத்தேன். இது சரிஞ்சு விழுந்துச்சுன்னா, எம் மக நசுங்குன சாமானையா கொண்டுக்கிட்டுப் போவா?"

அவர் கேட்டது நியாயம்தானே. பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

என் மனைவி கிட்டாரைப் போர்வையில் சுற்றினாள். தொட்டில் பிள்ளைக்குப் போர்த்துவது போல ஓரங்களை எல்லாம் உள்ளே மடித்தாள். "சாமிகிட்டயே குடுத்துருவோங்க. அடுத்த ஆளுக்குத் தொந்தரவு குடுத்து ஆண்டவருக்கு என்ன பாட்டு?" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குக் குடும்பச் செபம் முடிந்தும் நான் மாதா படத்துக்கு முன்னால் எழுந்திருக்கவில்லை. அம்மா, அவளுக்குக் கேட்கவும் வேண்டும், பாத்திரத்துக்குக் கேட்கவும் கூடாது, ஒரு வழி காட்டுங்கள் என்று கேட்டேன். இப்படி ஒரு மன்றாட்டை மாதா அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் அந்தப் பெட்டியை மைக் செட்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். மனைவியிடம், "சாமிகிட்டக் குடுக்க ஒரு நாள் பொறு" என்று சொல்லிவிட்டு ஆச்சியிடம் போனேன்.

"ஆச்சி, நேத்து எல்லாத்தையும் விட ரொம்ப ஆடுனது எது?"

"எதுக்குக் கேக்குறீக?"

"அத ஒரு நாளைக்குக் குடுங்க. கடையில பக்கத்துல வச்சுப் பாத்து, அது ஆடாத பெட்டியா எடுத்துட்டு வாரேன்."

ஆச்சி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு அறையைத் திறந்து, மூடி லொடலொடவென்று ஆடுகிற ஒரு பித்தளைத் தூக்கை எடுத்து வந்தார். "இதுதான் முதல்ல கத்துறது. ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் நான் கத்துவேன்."

ஒரு தோளில் போர்வை சுற்றிய கிட்டார், ஒரு கையில் தூக்கு. டவுன் பஸ் கண்டக்டர், "கச்சேரிக்கா, சாப்பாட்டுக்காண்ணே?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழித்தார். மடியில் தூக்கை வைத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் செபமாலை சொன்னேன்.

காரைக்குடியில் ஆம்ப்ளிபயர் விற்கிற கடைக்காரர் நல்ல மனுஷர். முதலில் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார். நான் அதன் பக்கத்தில் தூக்கை வைத்தேன்.

"தண்ணி வேணும்னா கேளுங்கண்ணே, எதுக்குத் தூக்கோட வந்தீக?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தடித்த கம்பியை மட்டும் தட்டினேன். மூடி குதித்தது. "வேற கம்பியெல்லாம் தொட மாட்டீகளா?" என்றார். "இது ஒண்ணுதாண்ணே பிரச்சனை பண்ணுது" என்றேன்.

அடுத்த பெட்டி. "பேஸ் எப்புடி வருது பாத்தீகளா?" என்று கனத்த அடிச்சத்தத்தைக் காட்டி அவர் பெருமையாகக் கேட்டபோதே மூடியும் பேசியது. பேஸ் என்று எழுதிய திருகைக் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் முனகியது. கடையில் சாமான் வாங்க வந்தவர்களும் சுற்றி நின்று தூக்கையே உற்றுப் பார்த்தார்கள்.

கடைசியில் மேல் அலமாரியைக் காட்டி, "அங்குட்டு இருக்கே, அது?" என்றேன்.

"அது வேணாம்ணே. ஸ்பீக்கர் உள்ளங்கை அகலந்தான். பேஸே வராது. யாரும் எடுக்காம கெடக்கு."

தூசி தட்டி இறக்கினார். செங்கல் இரண்டை அடுக்கியது போல ஒரு கறுப்புப் பெட்டி. கம்பியைத் தட்டினேன். கிட்டார் தெளிவாகப் பேசியது. மூடி அசையவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அசையவில்லை.

"மாதாவே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரர், "நல்லாயில்லன்னு சொன்னதை இம்புட்டு ஆசையா வாங்குன ஆள் நீங்கதாண்ணே" என்றார்.

வீட்டில் ஆச்சி முதலில் தூக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. அதை அடுக்கில் இருந்த இடத்திலேயே வைத்து, அறைக்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். "ம், ஆரம்பிங்க."

என் மனைவி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிட்டாரை எடுத்தாள். ஈஸ்டருக்கான பாட்டைத் தொடங்கினாள். பக்கத்து அறையிலிருந்து சத்தமே இல்லை. பாதிப் பாட்டில் ஒரு சின்ன முனகல் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"நிறுத்தாத, நிறுத்தாத" என்று உள்ளிருந்து ஆச்சி குரல் கொடுத்தார். "ஒரே ஒரு தாம்பாளந்தான். அடியில துண்டைச் சொருகிட்டேன். நீ வாசி."

அவள் வாசித்தாள். முழுப் பாட்டும். தவக்காலம் முழுக்க வாசித்தாள். ஈஸ்டர் பூசையில் கோவில் மைக் செட்டில் மாட்டி அந்தத் தடித்த கம்பியைத் தட்டியபோது தரையே அதிர்ந்தது. நான் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் எதுவும் இல்லை, சனங்கள்தான் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆச்சியின் மகளுக்குக் கல்யாணமாகி, சாமான்கள் எல்லாம் லாரியில் போயின. ஒன்றுகூட நசுங்கவில்லை. அந்தத் தூக்கை மட்டும் ஆச்சி அனுப்பவில்லை. மூடி சரியில்லை, சம்பந்திகள் குறை சொல்வார்கள் என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அறைதான் காலியாக் கெடக்கே. இன்னுமா மெதுவா வாசிக்கணும்? முன்பக்கம் எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

என் மனைவி பெட்டியின் சத்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினாள்.