கணுக்கால் உயரத்தில் வெளிச்சம்

வேலைக்காக ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் லவினா முதலில் செய்வது, ஒவ்வொரு அறையையும் போனில் படமெடுப்பது. வீட்டுக்காரர் இல்லாத அறையில் தனியாக நிற்கமாட்டாள். ஆறு வருடங்களுக்கு முன்னர் கறுவாத்தோட்டத்து வீடொன்றில் ஒரு கைக்கடிகாரம் காணாமற்போய், பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் அவளை இரண்டு மணிநேரம் உட்கார வைத்தார்கள். மறுநாள் அது அழுக்குத்துணிக் கூடைக்குள் கிடந்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்காரரையும் அவள் முழுதாக நம்பியதில்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். வயது முப்பத்தெட்டு. புறக்கோட்டையில் மின்விளக்குக் கடையொன்றில் பதினொரு வருடம் நின்று தொழிலைப் பழகி, பிறகு தனியாகச் செய்யத் தொடங்கினாள். எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் எங்கே ஓட வேண்டும், அதன் பவர் சப்ளையை எங்கே மறைக்கலாம், எந்த விளக்குகள் ஒன்றாக எரிய வேண்டும், எதைச் சுவர் சுவிட்சால் போடுவது, எதைப் போன் மூலம் போடுவது, எதை ஆள் நடந்தாலே தானாக எரியவிடுவது என்றெல்லாம் முதலில் காகிதத்தில் திட்டம் போட்டுக் காட்டுவாள். சம்மதம் கிடைத்த பிறகுதான் சுவரில் பூட்டுவாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையிலிருந்து வரதராசா என்பவர் கூப்பிட்டார். நாலாம் மாடி வீடு. ஓய்வுபெற்ற படவரைஞர், அறுபத்தெட்டு வயது. அவள் திட்டம் போடத் தேவையில்லாதபடி அவரே கட்டம்போட்ட தாளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக ஆட்கள் சீலிங்கைச் சுற்றிக் கேட்பார்கள், டிவிக்குப் பின்னால் கேட்பார்கள், பிறந்தநாளுக்கு நிறம் மாற வேண்டும் என்பார்கள். இவர் கேட்டது நடைபாதையின் இரு பக்கமும் கணுக்கால் உயரத்தில். குசினி மேடையின் முன் விளிம்பில். குளியலறைக் கதவு நிலையைச் சுற்றி. கட்டிலுக்குக் கீழே. ஹோலில் இருந்த உயரம் குறைந்த மேசையின் நாலு ஓரத்திலும்.

"சீலிங்குக்கு, அங்கிள்?"

"ஒண்டும் வேண்டாம். நிறமும் வேண்டாம். நல்ல கடும் வெள்ளை. ஆள் போகேக்க தானாப் பத்த வேணும்."

"அதுக்குச் சென்சர் போடலாம். போன்லயும் பார்க்கலாம்."

"போன்ல ஆர் எப்ப நடந்தது எண்டு பதியுமோ?"

"ஓம், பதியும்."

"அதை நிப்பாட்டலாமோ?"

நிறுத்தலாம் என்றாள். வேலையைக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் செய்ய வேண்டும், மனைவி நேசமலர் கோயிலுக்கும் சந்தைக்கும் போயிருக்கும் நேரம் அது என்றார். தெஹிவளையில் இருக்கும் மகளுக்கும் இப்போதைக்குத் தெரிய வேண்டாமாம்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் லவினா அதையே யோசித்தாள். சொந்த மனைவிக்கு மறைத்து வெளிச்சம் போடுகிற மனிதர். வீட்டுக்குள் வேறு யாராவது வந்துபோகிறார்களா? எதையாவது பதுக்குகிறாரா? நாளைக்கு ஒன்று நடந்தால் முதலில் கைகாட்டப்படுவது, வயர் பெட்டியோடு வந்துபோன கொட்டாஞ்சேனைக்காரிதான். அவர் வரைந்த தாளையும் படமெடுத்து வைத்துக்கொண்டது நல்லதென்று நினைத்தாள்.

இரண்டாம் தடவை அளவெடுக்கப் போனபோது கதவைத் திறந்தது நேசமலர். கோயிலுக்குப் போகவில்லை.

"நீங்கள் ஆர்?"

"லைட் வேலைக்கு வந்தனான், அன்ரி."

"லைட்டோ. இவர் ஒரு பல்ப் மாத்தவே ஒரு மாசம் எடுப்பார். இதுக்கு முதல் எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ஒருக்கா."

நேசமலர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு குசினிக் கதவடியில் கதிரையைப் போட்டு, அவரையும் அவளையும் மாறிமாறிக் கவனித்துக்கொண்டு வெண்டிக்காய் நறுக்கினார்.

நடைபாதையை அளக்கும்போது லவினா அளவுநாடாவின் நுனியை அவருடைய இடது கைப் பக்கமாக நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டியதும் சட்டென்று தலையைத் திருப்பி, அந்தக் கணத்தில்தான் அது தோன்றியதுபோல வாங்கிக்கொண்டார். அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் என்னவென்று பிடிபடவில்லை.

பதினொன்றேகால் ஆனது. அவர் கார்ச்சாவியை எடுத்தார். மகளின் பிள்ளை தாரிகா பம்பலப்பிட்டியில் முதலாம் வகுப்பு படிக்கிறாள், தினமும் ஏற்றி வருவது அவர்தான்.

"வாரும், பிள்ளை. காலி வீதியில இறக்கிவிடுறன்," என்றார். மனைவி முன்னால் அவளை விட்டுப்போக அவருக்கு மனமில்லை என்று லவினாவுக்குத் தோன்றியது. அவள் முன் இருக்கையில் ஏறினாள்.

ஒழுங்கையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. இடப்பக்கக் கேற்றிலிருந்து ஒரு ஓட்டோ மெதுவாக, நன்றாகத் தெரியும்படி வெளியே வந்தது. அவர் வேகத்தைக் குறைப்பார் என்று லவினா காத்திருந்தாள். அவர் குறைக்கவில்லை. தலையும் அசையவில்லை.

"பிரேக் பிடிங்க, அங்கிள்!"

கார் குலுங்கி நின்றது. இடையில் ஒரு சாண்தான் இருந்தது. ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "எஸ் பேன்னெ நெத்த, மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். கண் தெரியவில்லையா என்று ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். ஆனால் வரதராசாவின் முகம் அப்படியே வெளிறிப்போனது.

அப்போதுதான் அவளுக்கு அந்தத் தாள் முழுதாக விளங்கியது. மேசை ஓரம், கதவு நிலை, குசினி விளிம்பு. அவர் எங்கெங்கே இடித்துக்கொள்கிறாரோ, அங்கெல்லாம் கோடு போட்டிருந்தார்.

"எவ்வளவு காலமா, அங்கிள்?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரம் மட்டும்தான். நேர வடிவாத் தெரியும்."

"டொக்டரிட்ட காட்டினீங்களா?"

"காட்டினா காரை விடச் சொல்லுவாங்கள். பிறகு பிள்ளையை ஆர் ஏத்துறது? நான் வீட்டில இருந்து சுவரைப் பாக்கிறதோ?"

"இண்டைக்குத் தாரிகா இந்தக் காரில வரக்கூடாது."

"இது உமக்குத் தேவையில்லாத விசயம். லைட்டைப் போடும், போம்."

லவினா இறங்கவில்லை. மனிதர் கத்தினால் ஊர் கூடும், கூடினால் தன்னைத்தான் சந்தேகிப்பார்கள் என்று பயந்தாள். இருந்தும் அசையாமல் இருந்தாள். பின்னால் வந்த வான் ஹோர்ன் அடித்தது. கடைசியில் அவர் காரை ஓரங்கட்டினார். இரண்டு பேரும் ஓட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தாத்தாவின் கார் எங்கே என்று தாரிகா கேட்டபோது, "பழுது," என்றார்.

திரும்பி வந்து, பிள்ளையோடு அவர் லிஃப்ட்டுக்குப் போனதும் லவினா கீழே நின்று, அவர் தந்திருந்த வீட்டு இலக்கத்துக்குப் போன் எடுத்து, நேசமலரிடம் விசயத்தைச் சொன்னாள். மேசைக் கண்ணாடி உடைந்தது, போன மாதம் புருவத்தில் விழுந்த காயம் என்று நேசமலர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், நடுவில், "அப்ப இதெல்லாம் அதாலதானோ?" என்றார். அன்று பின்னேரம் வரதராசாவிடமிருந்து செய்தி வந்தது. வேலை தேவையில்லை. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சொன்னது சரியா என்று அவள் பல நாள் தன்னையே கேட்டாள். அடுத்தவர் வீட்டு இரகசியத்தை வெளியே விட்டவள் என்று பெயர் வந்தால் தொழில் படுத்துவிடும். அவர் வேறு ஆளை வைத்து வேலையை முடித்து, மறுபடியும் காரை எடுத்திருப்பாரோ என்றும் மனம் அடித்துக்கொண்டது.

மூன்று கிழமை கழித்து நேசமலர் கூப்பிட்டார். கண்ணில் அழுத்த நோயாம். போன பார்வை திரும்பாது, மருந்து விட்டால் மிச்சம் நிற்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். கார்ச்சாவி இப்போது மகளிடம். "அவர் கீறின மாதிரியே போட்டுத்தாங்கோ, பிள்ளை. சுவரில சுவிட்சும் வையுங்கோ, எனக்கு உந்தப் போன் விளையாட்டுத் தெரியாது."

வேலை நாலு நாள் நடந்தது. நடைபாதை நீளம் கூட என்பதால் கடைசியில் வெளிச்சம் மங்காதிருக்க இரண்டு முனையிலிருந்தும் மின்சாரம் கொடுத்தாள். குளியலறைச் சென்சர் ஆள் வருவதற்கு ஒரு அடி முன்பே பிடிக்கும்படி திருப்பி வைத்தாள். வரதராசா நாலு நாளும் கதிரையிலிருந்து அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

முடிந்ததும் அவர் எழுந்து நடந்தார். காலடியில் வெள்ளைக் கோடு அவருக்கு முன்னே முன்னே எரிந்தது. குளியலறை வரை கையை நீட்டாமல் போய்த் திரும்பினார்.

"இடப்பக்கம் அரை இஞ்ச் உயரம் கூட," என்றார்.

அளந்து பார்த்தாள். கூடத்தான் இருந்தது. கழற்றி இறக்கினாள்.

"நீர் சொல்லுவீர் எண்டு அண்டைக்கே தெரியும்," என்றார். பிறகு அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து நமசிவாயம் என்ற ஒருவர் கூப்பிட்டார். தன்னுடைய இலக்கத்தை யார் தந்தது என்று லவினா சந்தேகத்தோடு கேட்டாள்.

"மேல வரதராசா ஐயாதான். வாய் சும்மா இராத பிள்ளை, ஆனா வேலை சுத்தம் எண்டவர்."